வாசகர் கேள்வி பதில்: உருப்படி வியாபாரியின் முருக பக்தி

போன இதழில் ஒருவர், மனசுக்கு நிம்மதி தருகிற மாதிரி ஆன்மிக நாவல் ஒன்று சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார். நிம்மதி வேண்டுமென்றால் நம் பெங்களூர் அல்சூர் சோமேஸ்வரர் கோயிலில் கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துப் போய் உட்காருங்கள், நாவலிடம் அதைக் கேட்காதீர்கள் என்று பதில் எழுதினேன். அதற்குத் திட்டியும் பாராட்டியும் வந்த கடிதங்களால் இந்த மாதம் பக்கம் முழுக்க நாவலும் கடவுள் நம்பிக்கையும் என்ற இதே விஷயம்தான். சினிமா கேள்வி அனுப்பியவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளவும்.

கேள்வி: வெள்ளிக்கிழமை விளக்கு தவறாத வீடு எங்களுடையது. இந்தக் கால நாவல்களில் சாமி கும்பிடுகிறவர்களைப் பாருங்கள், ஒன்று ஏமாளி, இல்லாவிட்டால் ஏமாற்றுக்காரன். எங்களைப் போன்றவர்களுக்கு நாவலில் இடமே கிடையாதா?
(ஓய்வுபெற்ற ஆசிரியை, அல்சூர்)

பதில்: உங்கள் கோபத்தில் பாதி நியாயம் இருக்கிறது, டீச்சர். நம் கதைகளில் காவி கட்டியவன் ஒருவன் வந்தால் அடுத்த அத்தியாயத்தில் பெட்டியைத் திறந்து பணம் எண்ணுவான் என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஒரு காலத்தில் அப்படி எழுத வேண்டிய தேவை இருந்தது, சாமி பெயரைச் சொல்லி ஊரைச் சுரண்டியவர்களை யாராவது எழுதித்தானே ஆக வேண்டும். அப்புறம் அது பழக்கமாகிவிட்டது. எழுதுகிறவனும் யோசிப்பதில்லை, படிக்கிறவனும் யோசிப்பதில்லை.

ஆனால் ஜெயமோகனின் ஏழாம் உலகம் (2003) படித்திருக்கிறீர்களா? அதில் வரும் போத்திவேலுப் பண்டாரத்தின் தொழில், கை கால் இல்லாத, உடல் கோணிய மனிதர்களை வாங்கி, கோயில் வாசலில் உட்காரவைத்துப் பிச்சையெடுக்க வைப்பது. அவர்களை உருப்படி என்றுதான் சொல்வார், உருப்படி கணக்கில்தான் வாங்குவார், விற்பார். இதே மனிதர் வீட்டுக்குப் போனால் பெண்களுக்குக் கல்யாணம் செய்துவைக்கத் திணறும் பாசமான அப்பா. பெரிய முருக பக்தரும்கூட. அந்த பக்தி வெறும் நடிப்பு என்று ஆசிரியர் காட்டியிருந்தால் நமக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்! நடிப்பே இல்லை. பழனியில் உருகித்தான் கும்பிடுகிறார், கும்பிட்டுவிட்டு வந்து, உருப்படிகளில் ஒருத்தியான முத்தம்மை பெறுகிற பிள்ளை என்ன விலை போகும் என்று கணக்குப் போடுகிறார், இரண்டுக்கும் நடுவில் அவருக்கு ஒரு சின்ன உறுத்தல்கூட வருவதில்லை. மறுபக்கம் அந்த உருப்படிகள் தங்களுக்குள் கிண்டலடித்துக்கொள்கிறார்கள், ஒருவர் மேல் ஒருவர் உயிராக இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரான மாங்காண்டிச் சாமி பாடிக்கொண்டே இருக்கிறார்.

முருகன் இருக்கிறாரா இல்லையா என்று அந்த நாவல் கேட்பதே இல்லை. நம்புகிறவன் அந்த நம்பிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்து மனிதனை என்ன செய்கிறான் என்று மட்டும் பார்க்கிறது. கீழே வரும் கேள்விகளுக்கும் சுற்றிச் சுற்றி இதையேதான் சொல்லப்போகிறேன், இப்போதே எச்சரித்துவிடுகிறேன். இன்னொரு எச்சரிக்கை, சாப்பிட்ட கையோடு அந்தப் புத்தகத்தை எடுக்காதீர்கள்.

கேள்வி: நான் நாத்திகன். கடவுள் நம்பிக்கையைப் பற்றிய நாவலில் எனக்கு என்ன இருக்கிறது?
(ஐ.டி. ஊழியர், ஒயிட்ஃபீல்ட்)

பதில்: தம்பி, நீங்கள் இருக்கிற ஊரின் மொழியிலேயே உங்களுக்கான நாவல் இருக்கிறது. யு.ஆர். அனந்தமூர்த்தியின் சம்ஸ்காரா, 1965-இல் வந்தது. இந்தக் கால நாவல்களைப் பற்றிய பேச்சில் அறுபது வருஷப் பழசைத் தூக்கிக்கொண்டு வருகிறேன் என்று சண்டைக்கு வராதீர்கள், படித்துப் பார்த்துவிட்டு அது பழசா என்று சொல்லுங்கள்.

ஓர் அக்ரகாரம். அங்கே நாரணப்பா செத்துப்போகிறான். குடித்தவன், மாமிசம் தின்றவன், சந்திரி என்ற பெண்ணோடு வாழ்ந்தவன். ஆனால் சாதியைவிட்டு அவனை யாரும் முறைப்படி விலக்கவில்லை, ஆகவே பிராமணன்தான். பிணத்தை யார் எரிப்பது? எரிக்கிறவரை அக்ரகாரத்தில் யாரும் சாப்பிடக் கூடாது. சந்திரி தன் நகையைக் கழற்றிச் செலவுக்கு வைத்ததும், எனக்கு வேண்டாம் என்றவர்களுக்கெல்லாம் ஆசை வந்துவிடுகிறது, ஆனால் வாய்விட்டுக் கேட்கவும் முடியவில்லை. ஊரிலேயே பெரிய படிப்பாளி பிராணேசாசாரியார் ஓலைச்சுவடிகளையெல்லாம் புரட்டுகிறார், விடை இல்லை. மாருதி கோயிலுக்குப் போய் சுவாமி மேல் பூ வைத்து, எந்தப் பக்கம் விழுகிறது என்று பொழுது சாய்கிறவரை உட்கார்ந்திருக்கிறார். நம் ஊரில் பூ வாக்குக் கேட்பார்களே, அதேதான். பூ விழவே இல்லை.

எனக்கு நாவலின் உயிர் இந்த இடம்தான். பூ விழாததால் கடவுள் இல்லை என்று ஆகிவிட்டதா? ஆசிரியர் அப்படி எழுதவில்லை. இனி என் முடிவை நானே எடுக்க வேண்டும் என்ற பயம் ஒரு மனிதனை எப்படிப் பிடித்து ஆட்டுகிறது என்று எழுதுகிறார். அன்று இரவே காட்டு வழியில் சந்திரியோடு அவருக்கு உறவு நேர்கிறது, அதுவரை கட்டிவைத்த வாழ்க்கை மொத்தமும் கழன்றுபோகிறது. பிணத்தை என்ன செய்தார்கள் என்கிறீர்களா? இவ்வளவு பேர் சாஸ்திரம் பார்த்துக்கொண்டிருக்க, சந்திரி ஒரு முஸ்லிமின் உதவியோடு ராத்திரியோடு ராத்திரியாக எரித்துவிட்டுப் போய்விடுகிறாள். அது அக்ரகாரத்துக்குத் தெரியவே தெரியாது.

நீங்கள் நாத்திகராக இருக்கலாம், ஆனால் உங்களுக்கும் ஒரு நாள் பூ விழாமல் போகும். அப்போது எதைப் புரட்டுவீர்கள்? நாவலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர் மைசூர்த் தமிழரான ஏ.கே. ராமானுஜன். அலுவலக பஸ்ஸில் போகும்போது படித்து முடிக்கிற அளவுதான்.

கட்சி, கொள்கை என்று ஏதாவது ஒன்றில் முழுசாக இருந்து வெளியே வந்தவர் என்றால் ஜெயமோகனின் பின்தொடரும் நிழலின் குரல் (1999) உங்களை இன்னும் பலமாகப் பிடிக்கும். அதில் தொலைந்துபோவது கம்யூனிசத்தின் மேல் இருந்த நம்பிக்கை. தொழிற்சங்கத் தலைவர் அருணாசலம் படுகிற பாட்டைப் பார்த்தால், கோயிலை விட்டுப் போகிறவன் படுகிற பாடும் இதுவும் ஒன்றுதான் என்று தெரியும்.

கேள்வி: ஜெயமோகனின் விஷ்ணுபுரம் நாவலைப் பலமுறை ஆரம்பித்து நிறுத்திவிட்டேன். வழி உண்டா?
(ஜாலஹள்ளி வாசகர்)

பதில்: உண்டு. முதல் பகுதியை விட்டுவிட்டு இரண்டாம் பகுதியான கௌஸ்துபத்திலிருந்து ஆரம்பியுங்கள். ஞானசபை விவாதம் நடக்கிற பகுதி. பௌத்தர் ஒரு பக்கம், வைதிகர் ஒரு பக்கம் என்று தத்துவச் சண்டை சூடு பறக்கும். அதில் ருசி வந்துவிட்டால் திருவிழாக் கூட்டம் நெரிகிற முதல் பகுதிக்குத் திரும்பலாம், காலம் முன்னும் பின்னுமாகப் போகிற நாவல்தானே. பெயர்களை நினைவில் வைத்துக்கொள்ள முயல வேண்டாம். ருசி வரவில்லையா, விட்டுவிடுங்கள். படிக்காதவர்களைப் பிடித்துக்கொண்டு போக யாரும் வரமாட்டார்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் ஒருவருக்குக் காதில் யாரோ பேசுவதுபோல் கேட்கிறது. பெரியவர்கள் சாமி அருள் என்கிறார்கள், எனக்குப் பயமாக இருக்கிறது. இதைப் பற்றி நாவல் ஏதாவது உண்டா?
(பெயர் வேண்டாம், ஜெயநகர்)

பதில்: முதலில் நாவல் வேண்டாம், டாக்டர். ஓசூர் சாலையில் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இருக்கிறது, நாடு முழுவதிலிருந்தும் ஆட்கள் அங்கே வருகிறார்கள், நீங்களோ பக்கத்திலேயே இருக்கிறீர்கள். பெரியவர்களோடு வாக்குவாதம் செய்து நாளைக் கடத்த வேண்டாம். கோயிலுக்கும் போகட்டும், ஆஸ்பத்திரிக்கும் வரட்டும் என்று சொல்லி அழைத்துப் போங்கள்.

அப்புறம் நீங்கள் படிப்பதற்கு எம்.வி. வெங்கட்ராமின் காதுகள். 1993-இல் சாகித்ய அகாதெமி பரிசு பெற்ற நாவல். கும்பகோணத்துக்காரரான எம்.வி.வி. தனக்கு நேர்ந்ததையே எழுதினார். முருக பக்தரான மகாலிங்கத்துக்குக் காதுக்குள் குரல்கள். ஆபாசமாகத் திட்டும், கெஞ்சும், மிரட்டும், தெய்வம் பேசுவதாகவும் சொல்லிக்கொள்ளும், ஒரு நொடி ஓய்வு கிடையாது. இதோடுதான் அவர் குடும்பம் நடத்த வேண்டும், கடன்காரனுக்குப் பதில் சொல்ல வேண்டும், எழுத வேண்டும். இது நோயா தெய்வச் சோதனையா என்று நாவல் தீர்ப்பு எழுதுவதில்லை, அந்தத் தீர்ப்பு இல்லாமலேயே ஒரு மனிதன் எப்படி ஒவ்வொரு நாளையும் தள்ளுகிறான் என்று காட்டுகிறது. உங்கள் வீட்டில் இருக்கிற அவர் உள்ளே என்ன பாடுபடுகிறார் என்று புரிந்துகொள்ள அது உதவும், ஆனால் இப்போதைக்கு அவர் கையில் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: லைஃப் ஆஃப் பை படித்தால் கடவுள் நம்பிக்கை வந்துவிடும் என்கிறார்களே?
(கல்லூரி மாணவர், கோரமங்களா)

பதில்: வராது. புலி மேல் மரியாதை வரும். நடுக்கடலில் ஒரு படகில் புலியோடு மாட்டிக்கொண்ட பையனைப் பற்றிய யான் மார்ட்டலின் அந்த நாவல் (2001, மறு வருடம் புக்கர் பரிசு) கடைசியில் இரண்டு கதைகளை முன்னால் வைத்து எது நல்ல கதை என்று கேட்கிறது. கேள்வி கெட்டிக்காரத்தனமானதுதான், ஆனால் கடவுளை நல்ல கதை என்று சொல்லி நம்பச்சொன்னால், துக்கத்தில் இருக்கிறவனுக்கு அது எவ்வளவு நேரம் தாங்கும்? பாண்டிச்சேரிப் பகுதிகளுக்காகப் படியுங்கள். மூன்று மதத்தையும் ஒரே நேரத்தில் கும்பிடும் பையனைப் பார்த்து மூன்று மதப் பெரியவர்களும் திகைத்து நிற்கும் காட்சி நல்ல சிரிப்பு.

கேள்வி: செப்டம்பர் 8 மாதா திருவிழாவுக்கு சிவாஜிநகர் பசிலிக்காவுக்குத் தவறாமல் போகிற குடும்பம் நாங்கள். கிறிஸ்தவ விசுவாசத்தை உள்ளிருந்து பேசும் நாவல்கள் சொல்லுங்கள், பிரசங்கம் வேண்டாம்.
(வாசகி, ஃப்ரேசர் டவுன்)

பதில்: பிரசங்கம் வேண்டாம் என்றீர்களே, அதற்கே ஒரு நன்றி. உங்களுக்கு முதலில் பாமாவின் கருக்கு (1992). தன்வரலாறு என்றும் சொல்லலாம், நாவல் என்றும் சொல்லலாம். ஏழைத் தலித் பிள்ளைகளுக்கு உழைக்க வேண்டும் என்று கன்னியர் மடத்தில் சேர்ந்து, அங்கே பணக்காரப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டு, மடத்துக்குள்ளேயும் சாதி உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, ஏழு வருஷம் கழித்து வெளியே வந்தவர் எழுதியது. கவனித்துப் படித்தால் ஒன்று தெரியும், அவர் கோபம் இயேசு மேல் இல்லை. ஏழைகளோடு நின்ற அந்த இயேசுவை ஏன் எங்களுக்குச் சொல்லித் தராமல் மறைத்தீர்கள் என்றுதான் சண்டை போடுகிறார். மடத்தைவிட்டு வந்த பிறகு வேலை இல்லை, பணம் இல்லை, ஊரில் என்ன சொல்வார்களோ என்ற கூச்சம் வேறு. விசுவாசத்துக்கு என்ன விலை என்று சாவகாசமாகக் கேட்கிறவர்கள் அந்தப் பக்கங்களைப் படிக்க வேண்டும்.

அடுத்தது ஜப்பானியரான ஷூசாக்கு எண்டோவின் சைலன்ஸ் (1966). மார்ட்டின் ஸ்கார்செஸி 2016-இல் படமாக எடுத்தார், பார்த்திருப்பீர்கள். 17-ஆம் நூற்றாண்டு ஜப்பானில் கிறிஸ்தவர்களை வேட்டையாடுகிறார்கள். இயேசு உருவம் பதித்த தகட்டைக் காலால் மிதித்தால் விட்டுவிடுவார்கள். ரோட்ரிகஸ் என்ற போர்ச்சுகீசியக் குரு தன் உயிருக்குப் பயந்தவரில்லை, வேதசாட்சியாகச் சாவதற்குத் தயாராகவே வந்தவர். ஆனால் அதிகாரிகள் அவரைத் தொடுவதில்லை, பதிலாக வேறு சிலரைக் குழியில் தலைகீழாகத் தொங்கவிட்டு, நீ மிதித்தால் அவர்களை இறக்குகிறோம் என்கிறார்கள். எல்லா ஜெபத்துக்கும் பேசாமல் இருந்த இயேசு அந்த நேரத்தில் பேசுவதாக அவருக்குக் கேட்கிறது: மிதி. மிதித்தது துரோகமா, அன்பின் உச்சமா? பல கிறிஸ்தவ வாசகர்களை இன்றுவரை விடாமல் குடையும் இடம் அது. அதே நாவலில் கிச்சிஜிரோ என்று ஒருவன், காட்டிக்கொடுப்பான், அழுதுகொண்டே பாவசங்கீர்த்தனம் செய்ய வருவான், மறுபடி காட்டிக்கொடுப்பான், மறுபடி வருவான். எனக்கு ரோட்ரிகஸைவிட இவனைத்தான் அதிகம் பிடிக்கும். நம்மில் நிறையப் பேர் அவன் ஜாதிதான்.

மூன்றாவது, இந்தப் பக்கத்தின் ஆரம்பத்தில் கேட்ட அல்சூர் டீச்சருக்கும் சேர்த்துச் சொல்கிறேன், மெரிலின் ராபின்சனின் கிலியட் (2004, மறு வருடம் புலிட்சர் பரிசு). ஏமாளியோ ஏமாற்றுக்காரரோ இல்லாத விசுவாசி ஒருவரை நாவல் முழுக்க உட்காரவைத்துப் பேசவிட்டிருக்கிறார். அமெரிக்காவில் அயோவா பக்கம் ஒரு சின்ன ஊர், 1956. ஜான் ஏம்ஸ் என்ற போதகருக்கு வயது எழுபதுக்கு மேல், இதயக் கோளாறு, பையனுக்கு வயது ஏழுகூட ஆகவில்லை. நான் இருக்கமாட்டேன், நீ பெரியவனாகி இதைப் படி என்று எழுதும் நீண்ட கடிதம்தான் நாவல். பெரிய சம்பவம் ஒன்றும் இருக்காது. ஆனால் இத்தனை நல்ல மனிதருக்கு ஒருவனை மட்டும் மன்னிக்க முடியவில்லை, தன் நண்பரின் மகன், தன் பெயரையே வைத்த பையன். ஊரெல்லாம் மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கம் செய்தவர் தன் வாசலில் வந்து நிற்கும் அந்த ஒருவனிடம் திணறுகிறார். கடைசிப் பக்கங்களில் அவன் ஊரைவிட்டுப் போகும்போது பஸ்ஸுக்காகக் காத்திருக்கும் இடத்தில் அவன் தலையில் கை வைத்து ஆசீர்வதிக்கிறார், அவ்வளவுதான் நடக்கிறது. மெதுவாகப் போகும் புத்தகம், ஒரு நாளைக்குப் பத்துப் பக்கம் போதும்.

கேள்வி: முஸ்லிம்களைப் பற்றி எழுதினால் ஒன்று தீவிரவாதம், இல்லாவிட்டால் பிரியாணி. எங்கள் ஈமானை, இறைநம்பிக்கையைப் பற்றி யாராவது எழுதியிருக்கிறார்களா?
(மாணவி, சிவாஜிநகர்)

பதில்: பிரியாணி பற்றிச் சொன்னது முழு உண்மை. தோப்பில் முகமது மீரானின் ஒரு கடலோர கிராமத்தின் கதை (1988) படியுங்கள். ஆங்கிலப் பள்ளிக்கூடம் வந்தால் மார்க்கம் கெட்டுவிடும் என்கிற ஊர் முதலாளி, ஊர் நம்பிக்கையைத் தின்று வளரும் தங்ஙள் என்ற மதப் பெரியவர், இவர்களை எதிர்த்து நிற்பவனும் ஒரு முஸ்லிம்தான். வெளியிலிருந்து யாரோ வந்து திருத்தவில்லை என்பதைக் கவனியுங்கள். சல்மாவின் இரண்டாம் ஜாமங்களின் கதை (2004) வீட்டுக்குள்ளே நடப்பது. பாவம், ஆசை, கட்டுப்பாடு எல்லாவற்றையும் பெண்கள் தங்களுக்குள் எவ்வளவு வெளிப்படையாகப் பேசிக்கொள்கிறார்கள் என்பதை அதற்கு முன் தமிழில் அப்படி யாரும் கேட்கவிட்டதில்லை என்பது என் எண்ணம்.

ஈமான் என்றே கேட்டதால் பென்யாமினின் ஆடு ஜீவிதம் (2008). தமிழிலும் கிடைக்கிறது, 2024-இல் படமும் வந்தது. சவூதி பாலைவனத்தில் ஆட்டுப் பண்ணையில் அடிமையாக மாட்டிக்கொண்ட நஜீப் அல்லாஹ்விடம் பேசிக்கொண்டே இருக்கிறான், கெஞ்சுகிறான், கோபித்துக்கொள்கிறான், மறுபடி நம்புகிறான். தப்பிக்க வழிகாட்டும் இப்ராஹிம் காதிரி சாலை வரை கொண்டுவந்து விட்டுவிட்டுக் காணாமல் போகிறான். அவன் மனிதனா, அனுப்பப்பட்டவனா? நஜீபுக்கு ஒரு பதில் இருக்கிறது, நீங்கள் அதை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று கட்டாயமில்லை. எழுதியவர் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர் என்பதை உங்கள் தோழிகளிடம் கடைசியில் சொல்லுங்கள், முதலில் சொன்னால் அதையே தேடிக்கொண்டிருப்பார்கள்.

கேள்வி: மாதொருபாகன் மாதிரி எழுதி ஊர் மனதைப் புண்படுத்தாமல் இருக்கவே முடியாதா?
(தொழிலதிபர், ராஜாஜிநகர்)

பதில்: பெருமாள்முருகன் அதை எழுதியது 2010-இல். நாலு வருஷம் யாரும் புண்படவில்லை, 2014 கடைசியில்தான் திடீரென்று புண்பட்டார்கள். எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்று அவரே அறிவிக்கிற நிலைமை வந்தது. 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், இந்த எழுத்தாளர் தனக்கு நன்றாக வருகிற வேலைக்கு உயிர்த்தெழட்டும், எழுதட்டும் என்று தீர்ப்பை முடித்தது.

இந்தச் சத்தத்தில் நாவல் என்ன சொல்கிறது என்பதே காணாமல் போய்விட்டது. காளியும் பொன்னாவும் ஆசையாக வாழ்கிறவர்கள், பிள்ளை மட்டும் இல்லை. ஊர் போகிற வருகிற இடமெல்லாம் குத்திக்காட்டுகிறது. திருச்செங்கோட்டுத் தேர்நோன்பில் பதினாலாம் நாள் இரவு, அன்று வருகிற ஆணெல்லாம் சாமிதான் என்று ஒரு நம்பிக்கை. சரி, அதை நம்பிப் போனால் பிள்ளைக்கு ஒரு வழி. போனால் காளியின் நிலைமை என்ன? குடும்பமே சேர்ந்து பொன்னாவிடம் பொய் சொல்லி அனுப்பிவைக்கிறது. மலடி என்று தினமும் குத்துவதில் புண்படாத ஊர், இதில் புண்பட்டது. நீங்கள் படித்துவிட்டு மறுபடி எழுதுங்கள், அப்போது சண்டை போடலாம். படிக்காமல் சண்டை என்றால் எனக்கு நேரமில்லை, ஐயா.

கேள்வி: பெங்களூர்த் தமிழர்களின் பக்தியை வைத்து ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். யோசனை சொல்லுங்கள்.
(புதிய எழுத்தாளர், விவேக்நகர்)

பதில்: உங்கள் தெருவிலேயே எல்லாம் இருக்கிறதே. வியாழக்கிழமை குழந்தை இயேசு ஆலயத்தில் மெழுகுவர்த்தி வாங்குகிறவர்களில் எத்தனை நெற்றியில் விபூதி என்று பாருங்கள். சித்ரா பௌர்ணமி ராத்திரி தர்மராயசுவாமி கோயிலிலிருந்து கிளம்பும் கரகம் காட்டன்பேட்டை தவக்கல் மஸ்தான் தர்காவுக்குப் போய் வருகிறது. இதைப் பார்த்ததும் மத நல்லிணக்கம் என்று எழுதத் தோன்றும், அதைமட்டும் எழுதாதீர்கள். பத்திரிகைகள் வருஷா வருஷம் அதையே எழுதுகின்றன. மெழுகுவர்த்தி வாங்கும் அந்த அம்மாளுக்கு என்ன வேண்டுதல், மருமகளோடு பேச்சுவார்த்தை உண்டா, வேண்டியது நடக்காவிட்டால் அடுத்த வியாழன் வருவாளா, வந்தால் எதற்கு வருகிறாள் என்று யோசியுங்கள். உங்களுக்கு நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்பது மூன்றாவது அத்தியாயத்துக்குள் வாசகனுக்குத் தெரிந்துவிட்டால் நாவல் படுத்துவிடும். சாமியாரை வில்லனாக்காதீர்கள், நாத்திகனைக் கடைசியில் கோயிலுக்கு அனுப்பாதீர்கள். கனவில் தெய்வம் வந்து பேசும் அத்தியாயம் இருந்தால் எடுத்துவிடுங்கள், எப்படியும் இருக்கும்.

கேள்வி: நீங்கள் சொல்கிற புத்தகங்களெல்லாம் இங்கே எங்கே கிடைக்கும்?
(பலர்)

பதில்: தமிழ்ப் புத்தகங்களுக்கு முதலில் அல்சூர் ஏரிக்கரை தமிழ்ச் சங்க நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். ஆங்கிலத்துக்கு சர்ச் ஸ்ட்ரீட் பழைய புத்தகக் கடைகள், கிலியட்டும் சைலன்ஸும் பாதி விலைக்குக் கிடைக்க வாய்ப்புண்டு. ஏழாம் உலகத்தை என்னிடம் இரவல் கேட்டு எழுதியவர்களுக்கு: தருவதில்லை.